உப்புக் கல்லுக்குள் ஒரு துளிக் கடல்

கல்லுப்பில் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து, கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்காது. நடுவே புகை படிந்ததுபோல வெண்மையான பட்டைகள் ஓடும். அழுக்கு என்று தோன்றும். உண்மையில் அது தண்ணீர். கல் வளர்ந்த வேகத்தில் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்ட உப்புநீர், கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக அங்கே அடைபட்டிருக்கிறது. சூடான இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, அந்தத் துளிகள் ஆவியாகிக் கல்லை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் அது.

ஒவ்வொரு துளியும், கல் உருவான நாளில் அதைச் சுற்றியிருந்த கடலின் அல்லது ஏரியின் ஒரு மாதிரி. தண்ணீர் மட்டும் மாட்டுவதில்லை. அதில் நீந்திக்கொண்டிருந்தவையும் சேர்ந்தே மாட்டும்.

2022இல் சாரா ஷ்ரேடர்-கோம்ஸ், கேத்லீன் பெனிசன், ஜெரமையா பெர்னாவ் ஆகிய மூவர் 'ஜியாலஜி' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பிரவுன் பாறையடுக்கு என்ற பழைய உப்புப் படிவிலிருந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் துளையிட்டு எடுத்த ஹேலைட் படிகங்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஹேலைட் என்பது வேறொன்றுமில்லை, நம் சோடியம் குளோரைடு பாறை வடிவில் இருந்தால் அதன் பெயர் அது. படிகங்களின் வயது 83 கோடி ஆண்டு. செடிகொடிகள் நிலத்தில் ஏறுவதற்கும், விலங்குகள் என்று சொல்லத்தக்கவை கடலில் பெருகுவதற்கும் வெகுகாலம் முன்பு. அந்தப் படிகங்களின் துளிகளுக்குள் உருண்டையும் நீளமுமாக, பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலவே ஒற்றைச் செல் உயிர், ஆனால் தனி வம்சம்), பாசி ஆகியவற்றின் செல்களைப் போன்ற வடிவங்கள் தெரிந்தன. உடனே பல ஊடகங்கள் '83 கோடி ஆண்டு உயிர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்' என்று தலைப்புப் போட்டன. அந்த 'இருக்கலாம்' எவ்வளவு எடை தாங்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம். எனக்கு அந்தக் கட்டுரையில் முக்கியமாகப்பட்டது வேறு விஷயம்: அவர்கள் ஒரு துளியைக்கூடத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பது புரிய, உப்பு எப்படி விளைகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

கடல்நீர் வற்ற வற்ற, அதில் கரைந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரியும். முதலில் சுண்ணாம்புச் சத்து, அப்புறம் ஜிப்சம். கடல்நீர் கிட்டத்தட்ட பத்து மடங்குக்கு மேல் செறிவான பிறகுதான் ஹேலைட் விழத் தொடங்கும். நீரின் மேற்பரப்பில் ஆவியாதல் அதிகம் என்பதால் முதல் படிகங்கள் அங்கேயே பிறந்து, சின்னச் சின்னத் தட்டுகளாகச் சற்று நேரம் மிதக்கும். கனம் கூடியதும் அடியில் போய் உட்காரும். அங்கிருந்து மேல்நோக்கி வளரும்போது அடுக்கடுக்கான கூம்புப் பட்டைகள் உண்டாகும். வெயில் ஏறி வேகமாக வளரும் நேரத்தில் துளிகள் ஏராளமாக மாட்டும்; பட்டை மங்கலாகிவிடும். மெதுவாக வளரும்போது படிகம் தெளிந்திருக்கும். மங்கல், தெளிவு, மங்கல் என்று மாறி மாறி வரும் இந்த வரிசைதான் ஆய்வாளர்களுக்குச் சாட்சிப் பத்திரம். துளிகள் இந்த வளர்ச்சிப் பட்டைகளை ஒட்டியே இருந்தால், அவை கல் பிறந்தபோது மாட்டியவை. பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோட்டில் வரிசையாக நின்றால், பிற்காலத்தில் கல் விரிசல் விட்டு, நீர் புகுந்து, மறுபடி மூடிக்கொண்டது என்று பொருள். அப்படிப்பட்ட துளியில் என்ன இருந்தாலும் அதைப் பாறையின் வயதோடு சேர்த்துப் பேச முடியாது.

இன்னொரு அழகு, துளியின் வடிவம். உப்புப் படிகம் கனசதுரம் என்பதால் அதற்குள் இருக்கும் வெற்றிடமும் குட்டிக் கனசதுரமாகவே அமையும். சதுர அறைக்குள் தண்ணீர், சில நேரம் அதில் ஒரு காற்றுக்குமிழ், அதன் பக்கத்தில் மிதக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி செல்லா, தூசா என்பதுதான் மொத்த வழக்கும்.

சரி, உப்பில் எது உயிரோடு இருக்கும்? உப்புப் போட்டால் கெடாது என்பதுதானே நாம் அறிந்தது. பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு அது உண்மை. வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுபட்டு, செல் சுருங்கிச் செயலிழக்கும். ஆனால் ஹேலோஆர்க்கியா என்ற கூட்டம் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்திருக்கிறது. வெளியே சோடியம் குளோரைடு என்றால், உள்ளே அதே அளவுக்குப் பொட்டாசியம் குளோரைடை நிரப்பிக்கொள்ளும். இழுபறி சமமாகிவிடும். அதன் புரதங்களும் அந்த உப்புக்கு ஏற்றபடி அமைந்தவை. நல்ல தண்ணீரில் எடுத்துப் போட்டால் பல இனங்கள் வெடித்தே செத்துப்போகும். உப்பளப் பாத்திகள் கடைசிக் கட்டத்தில் செக்கச்செவேலென்று மாறுவது பெரும்பாலும் இவற்றின் நிறமியால். டுனலியெல்லா என்ற பாசிக்கு வேறு தந்திரம்: அது கிளிசராலைத் தயாரித்து உள்ளே தேக்கி வைத்துக்கொள்ளும். இந்தக் கிளிசராலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா உப்புநீரும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செவ்வாய் பற்றிய செய்திகளில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. உயிருக்கு எவ்வளவு நீர் உண்மையில் 'கிடைக்கிறது' என்பதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் சொல்வார்கள். தூய நீருக்கு அது 1. சோடியம் குளோரைடு இனிமேல் கரையாது என்ற அளவுக்குச் செறிந்த நீரில் 0.75. நமக்குத் தெரிந்த எந்த உயிரும் பெருகக்கூடிய எல்லை 0.6 அருகில் முடிந்துவிடுகிறது. ஆக, சாதா உப்பின் உச்சச் செறிவிலும் வாழ்வு சாத்தியம். ஆனால் மக்னீசியம் குளோரைடோ கால்சியம் குளோரைடோ செறிந்த நீர் அந்த எல்லைக்கும் கீழே போய்விடும். 'செவ்வாயில் உப்புநீர் இருக்கலாம்' என்று படித்தால், எந்த உப்பு என்று கேட்டுவிட்டுத்தான் உற்சாகப்பட வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம். 2000இல் ரசல் விரீலண்ட், வில்லியம் ரோசன்ஸ்வைக், டென்னிஸ் பவர்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு குண்டைப் போட்டார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 25 கோடி ஆண்டுப் பழமையான சலாடோ உப்புப் படிவில், 569 மீட்டர் ஆழத்தில் கிடைத்த படிகத்தின் துளியிலிருந்து ஒரு பேசிலஸ் பாக்டீரியாவை வளர்த்துவிட்டோம் என்றார்கள். அந்த இடம் அணுக்கழிவைப் புதைப்பதற்காகத் தோண்டப்பட்ட சுரங்கம். உப்பு மெல்ல இளகி நகர்ந்து தன் விரிசல்களைத் தானே மூடிக்கொள்ளும், நீர் கசியாது என்பதால் அந்த அடுக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கழிவுக்கு நல்ல பெட்டி என்றால் பாக்டீரியாவுக்கும் நல்ல பெட்டிதானே என்பது வாதம். படிகத்தின் வெளிப்புறத்தைக் கடும் அமிலத்திலும் காரத்திலும் முக்கிக் கிருமி நீக்கினார்கள். வெளியிலிருந்து கிருமி புகுந்திருக்க 100 கோடியில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்று கணக்கும் காட்டினார்கள்.

மறு ஆண்டே எதிர்ப்பு கிளம்பியது. டான் கிராவரும் டால் புப்கோவும் அந்தப் பாக்டீரியாவின் மரபணு வரிசையை எடுத்து, சாக்கடலில் இன்று வாழும் ஓர் உறவினத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒன்று 25 கோடி ஆண்டு தூங்கியிருந்தாலும், மற்றொன்றின் முன்னோர்கள் அந்தக் காலமெல்லாம் பெருகி மாறிக்கொண்டே வந்திருக்க வேண்டும். வித்தியாசம் எங்கே? தூங்கியது நேற்று வந்த விருந்தாளி என்பது அவர்கள் முடிவு. வேறு சிலர், படிகம் பழையதாக இருக்கலாம், துளியும் பழையதா என்று கேட்டார்கள். உப்பு கரையும், மறுபடி உறையும், அதுதான் அதன் குணம். 2005இல் அந்தத் துளிகளின் வேதியியலை ஆராய்ந்தபோது, அது 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பெர்மியன் காலக் கடல்நீரோடு பொருந்துகிறது என்ற முடிவு வந்தது. அதாவது தண்ணீர் பழையதுதான். பாக்டீரியாவின் பேச்சு அதனால் தீரவில்லை.

என் கணிப்பைக் கேட்டால், நான் சந்தேகப்படுபவர்கள் பக்கம். மரபணு வாதம் மட்டுமல்ல, அதைவிட எளிய ஒரு தடையும் இருக்கிறது. டி.என்.ஏ. நீரில் சும்மா இருந்தாலே உதிரும் பொருள். இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டி.என்.ஏ. வடக்கு கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தது, வயது 20 லட்சம் ஆண்டு. அதுவும் துண்டு துண்டாக. உப்புநீரில் உதிர்வு மெதுவாகும் என்பது சரி, ஆனால் 20 லட்சத்திலிருந்து 25 கோடிக்குத் தாவ, செல் இடைவிடாமல் தன்னைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். பழுதுபார்க்கத் தீனி வேண்டும். பொட்டுத் துளிக்குள் தீனிக்கு எங்கே போவது?

இங்கேதான் கிளிசரால் வருகிறது. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஷூபர்ட்டும் டிம் லோவன்ஸ்டைனும் கலிபோர்னியாவின் டெத் வேலியில் எடுத்த உப்புப் படிகங்களில் வேலை செய்தார்கள். வயது வெறும் 22,000 முதல் 34,000 ஆண்டு. தலைப்புச் செய்தி ஆகாத வயது. சுமார் 900 முயற்சியில் ஐந்தே ஐந்தில்தான் ஏதாவது வளர்ந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. துளிகளில் இருந்த ஆர்க்கியாக்கள் இயல்பைவிடச் சிறுத்து உருண்டையாகியிருந்தன. பட்டினிக்கு நுண்ணுயிர்கள் காட்டும் தோற்றம் அது. கூடவே அதே படிகங்களில் டுனலியெல்லா செல்களும் இருந்தன. அவற்றிலிருந்து கசிந்த கிளிசரால்தான் உள்ளே இருந்த ஆர்க்கியாக்களுக்குச் சாப்பாடு என்பது அவர்கள் விளக்கம். பெருகுவதற்கு அல்ல, உடைந்ததை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு. 900க்கு ஐந்து என்ற இந்தக் கஞ்சத்தனமான கணக்குதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கைபட்ட அழுக்கு என்றால் இவ்வளவு அரிதாகவும், இவ்வளவு மெதுவாகவும், உப்பை நேசிக்கும் இனமாகவே பார்த்தும் வளர்ந்திருக்காது.

ஆக, பல்லாயிரம் ஆண்டு உயிர் பிழைப்பது நம்பத்தக்கது. கோடி என்று போனால் சந்தேகம் கூடுகிறது. 83 கோடிக்கு, உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியையே நான் ஓரம்கட்டிவிடுவேன். வேற்றுக்கிரகங்களில் உயிரைத் தேடுவதற்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. செவ்வாயில் ஒரே ஒரு செத்த செல் கிடைத்தால் போதும். பிணம் கிடைத்தாலே வழக்கு முடிந்துவிடும்.

பிணத்தை அடையாளம் காட்டுவதுதான் பாடு. ஆஸ்திரேலியப் படிகங்களில் அந்த மூவரும் செய்தது இரண்டே வேலை. சாதாரண ஒளியில் நுண்ணோக்கியால் வடிவம், அளவு, நிறம் பார்த்தார்கள். அப்புறம் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி எது ஒளிர்கிறது என்று பார்த்தார்கள். கரிமப் பொருள்கள் அந்த ஒளியில் மின்னும். திறந்திருந்தால் டி.என்.ஏ. தேடியிருக்கலாம், வளர்த்துப் பார்த்திருக்கலாம். ஆனால் திறந்த கணத்திலிருந்து அது 2022ஆம் ஆண்டுக் காற்றைச் சுவாசித்த மாதிரி. அதன் பிறகு கிடைப்பது எதுவானாலும் 2000இல் எழுந்த அதே கேள்வி எழும். மூடியபடியே பார்த்தால் ஒரு விஷயம் உறுதி: அந்தப் புள்ளி வளர்ச்சிப் பட்டையில் உள்ள துளிக்குள் இருக்கிறது, எனவே கல்லோடு பிறந்தது.

குறையும் உண்டு. வடிவம் ஏமாற்றும். 1996இல் நாசா விஞ்ஞானிகள், அண்டார்டிகாவில் கிடைத்த ஏ.எல்.எச். 84001 என்ற செவ்வாய் விண்கல்லில் புழு போன்ற நுண்வடிவங்களைக் காட்டினார்கள். அமெரிக்க அதிபர் கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார். உயிர் இல்லாமலே அவை உருவாகலாம் என்ற பக்கத்துக்குத்தான் பிறகு பெரும்பாலோர் சாய்ந்தார்கள். ஒளிர்வதும் கரிமம் மட்டுமல்ல, சில கனிமங்களும் ஒளிரும். பூமியில் உப்பு ஏரியில் பாசி இருக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். அதனால் படிகத்துக்குள் பாசி மாதிரி ஒன்று தெரிந்தால் பாசி என்று ஏற்கிறோம். செவ்வாயில் அந்த முன்னறிவு கிடையாது. பூமியில் 'பொருந்துகிறது' என்பது போதும், அங்கே போதாது.

செவ்வாயில் உப்பு இருக்கிறதா என்றால், தாராளமாக. 2008இல் மார்ஸ் ஒடிசி விண்கலத்தின் தரவுகளிலிருந்து, தெற்கு மேட்டுநிலங்களில் சுமார் 200 இடங்களில் குளோரைடு படிவுகள் இருப்பதை மிக்கி ஆஸ்டர்லூவும் குழுவினரும் அறிவித்தார்கள். அவற்றில் சில பழைய குட்டைகள் வற்றிய தடம்போலப் பள்ளங்களில் தங்கியிருக்கின்றன. 2022இல் எல்லன் லீஸ்க், பெத்தனி எல்மன் இருவரும் சில படிவுகள் சுமார் 230 கோடி ஆண்டுக்கு முன்பு வரைகூட உருவாகியிருக்கலாம் என்று காட்டினார்கள். செவ்வாய் 300 கோடி ஆண்டுக்கு முன்பே காய்ந்துவிட்டது என்ற பழைய எண்ணத்தை அது கொஞ்சம் அசைத்தது.

அந்த உப்பில் ஏதாவது உயிரோடு இருக்குமா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஹேலோஆர்க்கியாக்களில் ஒன்றான ஹேலோபாக்டீரியம் கதிர்வீச்சைத் தாங்குவதில் பேர்போனது. 5,000 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவிலும் கணிசமான பங்கு பிழைக்கும். மனிதனுக்கு 5 கிரே வந்தாலே உயிருக்கு ஆபத்து. கியூரியாசிட்டி ரோவர் செவ்வாயின் தரையில் அளந்தது ஆண்டுக்குச் சுமார் 0.076 கிரே. தூங்கும் செல்லால் பழுதுபார்க்க முடியாது என்று வைத்துக்கொண்டால், 5,000 கிரே சேர சுமார் 66,000 ஆண்டு போதும். நமக்கு வேண்டியதோ 200, 300 கோடி ஆண்டு. மேற்பரப்பில் உயிர் என்ற பேச்சே இல்லை. ஆழம் போகப் போகக் கதிர்வீச்சு குறையும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவர் இரண்டு மீட்டர் துளையிடும் கருவியோடு தயாராவதன் காரணம் இதுதான். போதாக்குறைக்கு 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் கண்டுபிடித்த பெர்குளோரேட் என்ற உப்பு, சூடாக்கும்போது கரிமப் பொருளை எரித்துவிடும். மண்ணை அடுப்பில் வைத்துச் சோதிக்கும் கருவிகள், தேடுவதைத் தாங்களே அழித்துவிடக்கூடும். நுண்ணோக்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உப்புக்குள் அடைபட்ட நீர் பூமிக்கு வெளியிலிருந்து ஏற்கெனவே நம் கைக்கு வந்தும் இருக்கிறது. 1998 மார்ச் 22 அன்று டெக்சாஸின் மொனஹன்ஸ் நகரில் சிறுவர்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விண்கல் விழுந்தது. சில நாளில் அது நாசாவின் தூய ஆய்வகத்துக்குப் போயிற்று. உடைத்தால் உள்ளே ஊதா நிறத்தில் ஹேலைட் படிகங்கள். கதிர்வீச்சு பட்டு அந்த நிறம். படிகங்களுக்குள் உப்புநீர்த் துளிகள், அதில் அசையும் குமிழ்கள். சூரிய மண்டலத்தின் தொடக்கக் காலத்து நீர், ஏறத்தாழ 450 கோடி ஆண்டுப் பழையது. அதே ஆண்டு மொராக்கோவில் விழுந்த ஜாக் விண்கல்லிலும் அப்படியே. பின்னாளில் இரண்டிலும் உள்ள உப்புப் படிகங்களில் அமினோ அமிலங்கள் உட்படக் கரிமப் பொருள்கள் கிடைத்தன. உயிர் அல்ல, உயிருக்கு வேண்டிய சாமான்கள்.

மொனஹன்ஸ் கல் மழையில் நனைந்து ஓராண்டு கழித்துக் கிடைத்திருந்தால்? உப்பு காற்றின் ஈரத்தையே குடித்துக் கரைந்துவிடும். எத்தனை விண்கற்கள் தம் உப்பை இப்படிப் பறிகொடுத்தபின் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தனவோ. பென்னு சிறுகோளிலிருந்து ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டுவந்த 121.6 கிராம் மாதிரியை 2023 செப்டம்பரிலிருந்து நைட்ரஜன் சூழலில் பொத்திப் பொத்திப் பாதுகாத்ததன் பலன் 2025 ஜனவரியில் தெரிந்தது. உப்புநீர் படிப்படியாக வற்றியபோது பிரியும் உப்புகளின் வரிசை, ஹேலைட் உட்பட, அதில் அப்படியே இருந்தது. கூடவே நம் உடல் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் சேர்த்து எழுத்துகளாக அமையும் ஐந்து காரங்களும்.

சீரெஸ் குறுங்கோளின் ஆக்கேட்டர் பள்ளத்தில் பளிச்சிடும் வெள்ளைத் திட்டுகளும் உப்புதான், பெரும்பகுதி சோடியம் கார்பனேட். வியாழனின் நிலவான யூரோப்பாவின் மேற்பரப்பில் மஞ்சளாகத் தெரியும் இடங்களில் சோடியம் குளோரைடு இருப்பதை 2019இல் ஹபிள் தொலைநோக்கி காட்டியது. சனியின் நிலவான என்செலடஸ் பீய்ச்சும் பனித்துகள்களில் காசினி விண்கலம் உப்பைக் கண்டது. யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது, 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். ஆனால் அது சுற்றிப் பார்க்கும் கலம். படிகத்தை எடுத்துக் கண்ணருகே வைக்காது.

அதற்குச் செவ்வாய்தான் அருகில். பெர்சிவியரன்ஸ் ரோவர் ஜெசிரோ பள்ளத்தில் பாறை மாதிரிகளைக் குழாய்களில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கொண்டுவரும் திட்டம் செலவு எகிறியதில் தடுமாறிப்போனது. ஆஸ்டர்லூ குழு சொன்ன அந்த 200 குளோரைடு இடங்களில் ஒன்றைக் குறிவைத்து இதுவரை எந்த ரோவரும் போகவில்லை. போய், ஒரு விரல்நுனி அளவு உப்புக் கல் என்றாவது இங்கே வந்து சேர்ந்தால், அதை உடைக்கவும் கரைக்கவும் ஆசைப்படும் கைகள் நிறைய இருக்கும். வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர், கல்லை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, மங்கலான பட்டை எது, தெளிவான பட்டை எது, துளிகள் எதில் இருக்கின்றன என்று பொறுமையாக எண்ணத் தெரிந்தவர்.